இருபத்தேழாம் படத்தில் இல்லாத கோடுகள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த நகரத்தில் நாற்பது குடும்பங்களுக்கு அவள் 'அப்படியே அக்கா'. கதவைத் திறந்த மாத்திரத்தில் வீட்டுக்காரர்கள் சோபாவில் குவிந்து கிடக்கும் துணியை அள்ளிக்கொண்டு ஓடப் பார்ப்பார்கள். அவள் கேமராப் பையோடு வாசலிலேயே நின்று கையைக் காட்டி, "அப்படியே இருக்கட்டும்" என்பாள். ஐம்பத்திரண்டு வயது, கனத்த குரல். துணியோடு நின்றவர் துணியைத் திரும்பப் போட்டுவிடுவார்.

இன்ன தேதி இத்தனை மணிக்கு வருகிறேன் என்று சொல்கிற வழக்கமே அவளிடம் கிடையாது. "இந்த வாரத்துல ஒருநாள் வருவேன்" என்பாள். பிறகு ஒருநாள் கட்டடத்தின் கீழே நின்றுகொண்டு போன் செய்வாள், படியேறிக்கொண்டிருப்பதாக. மூன்று மாடி ஏறும் நேரத்தில் ஒரு மனிதர் எதை மறைக்க முடியுமோ அதை மட்டும் மறைத்துக்கொள்ளலாம். அதையும் அவள் விடுவதில்லை. எந்த அறைக் கதவு சாத்தியிருக்கிறதோ அதைத்தான் முதலில் திறக்கச் சொல்வாள். அதற்குள்ளேதான் நிஜமான வீடு இருக்கும்: இஸ்திரி போடாத துணி மலை, தூக்கிப்போட மனசு வராத மூன்றுகால் நாற்காலி, யாரோ பாதியில் விட்ட உடற்பயிற்சி சைக்கிள், அதன்மேல் காயும் பனியன்.

இந்தப் பிடிவாதம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்னால் பல வருடம் அவள் வீடு விற்கும் தரகர்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தாள். ஒரு பிளாஸ்டிக் பழக்கூடையை வீடு வீடாகச் சுமந்து போய் மேசைமேல் வைப்பாள். அகலமான லென்ஸைப் போட்டாளென்றால் கோழிக்கூடு மாதிரி அறைகூட கல்யாண மண்டபமாகிவிடும். ஒருநாள் அவள் எடுத்த படத்தைப் பார்த்து வீடு வாங்கிய கணவனும் மனைவியும் அவளைத் தேடிக்கொண்டு வந்தார்கள். சண்டை போடவில்லை. "படத்துல இருந்த வெளிச்சம் எந்த நேரத்துல வரும்னு சொல்லுங்க, நாங்க அந்த நேரத்துக்கு வீட்ல இருக்கோம்" என்று மட்டும் கேட்டார்கள். அந்த வெளிச்சம் அவள் கொண்டுபோன விளக்கிலிருந்து வந்தது. அன்றோடு தரகர் வேலையை விட்டாள். பன்னிரண்டு வருடமாக வீடுகளை உள்ளது உள்ளபடி எடுக்கிறாள். வயிற்றுப்பாட்டுக்குப் பள்ளிக்கூடங்களில் குரூப் போட்டோ.

அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். "ஊரார் வீட்டுக் குப்பையையெல்லாம் படம் பிடிக்கிறா, நம்ம வீட்டுக் குப்பையை ஒருநாள் பெருக்கினாளா" என்று அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் பாதிதான் விளையாட்டு.

பன்னிரண்டு வருடம் கழித்து விடிவு வந்தது. நகர நூலகத்தின் தலைமை அதிகாரி, கண்ணாடி போட்ட கறாரான அம்மாள், படங்களைப் பார்த்துவிட்டு கீழ்த்தள மண்டபத்தைக் கொடுத்தாள். நாற்பது வீடு, நாற்பது படம், ஒவ்வொன்றும் நாலடி அகலம். வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை எழுதி வைத்ததும் அந்த அம்மாள்தான்: 'இங்குள்ள எந்தப் படத்திலும் எதுவும் நகர்த்தப்படவில்லை. எதுவும் திருத்தப்படவில்லை.' ஞாயிறு மாலை நாலரைக்குத் திறப்பு. படத்தில் இருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அழைப்பு போனது, அவரவர் வீட்டுப் படத்தின் எண்ணோடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது இருபத்தேழாம் எண் வீட்டுப் பெண்.

அந்த வீடு அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஏனென்றால் அந்த வீட்டில்தான் அவள் முதலில் கோபித்துக்கொண்டாள். அத்தனை சுத்தம். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள், முந்தின நாளே துடைத்து வைத்துவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோது, ஏழு வயது மகள், "எங்க வீடு எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். கிட்டப் போய்ப் பார்த்தால் அலமாரித் தட்டு முழுக்கப் பென்சில் கோடு. ஒவ்வொரு பெட்டியும் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று சுற்றிலும் கோடு போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் எண் எழுதியிருந்தது. அந்தப் பெண்ணின் கணவர் ஒரு பெரிய தொழிற்சாலையின் ஸ்டோர் பொறுப்பாளர். ஆள் வீட்டையும் ஸ்டோராக்கி வைத்திருக்கிறார் என்று அக்காவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அன்று அவர் வேலைக்குப் போயிருந்தார். அக்கா கேமராவை நிறுத்தும்போது அந்தப் பெண்ணின் கை மட்டும் மேல் தட்டை நோக்கிப் போனது. "அப்படியே இருக்கட்டும்மா" என்றாள் அக்கா. கை இறங்கிவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆனதை அவள் பார்த்தாள். எல்லார் முகமும் அப்படித்தானே ஆகிறது என்று விட்டுவிட்டாள்.

இப்போது அந்தப் பெண் மருந்துக் கடை போனிலிருந்து பேசினாள். ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மேல் தட்டில் மேசை ஃபேன் வந்த காலி அட்டைப்பெட்டி ஒன்று இருக்கும். உத்தரவாதக் காலம் முடியும்வரை பெட்டி இருக்க வேண்டும் என்பது கணவரின் சட்டம். காலிப் பெட்டி, அதன் கோட்டுக்குள் இருக்கிறது, ஆகவே அதை மட்டும் அவர் திறந்து பார்ப்பதில்லை. ஐந்து மாதமாக அந்தப் பெட்டிக்குள் அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். மகளின் உடுப்பு, இரண்டு பேரின் சான்றிதழ்கள். உடுப்பு எடுத்த இடத்தில் துணி அடுக்கின் உயரம் குறையக் கூடாது என்று சின்னதாகிப்போன பழைய சட்டைகளை மடித்து வைத்தாளாம். படம் எடுத்த அன்று பெட்டியின் மூடி திறந்திருந்தது. மூடத்தான் கையை நீட்டினாள்.

"அக்கா, ஒரு டம்ளர் இடம் மாறியிருந்தா விடிய விடிய என்னை நிக்க வைப்பார். பழகிட்டேன். போன மாசம் பாப்பாவையும் நிக்க வச்சார்" என்றாள். அழவில்லை. சாமான் பட்டியல் வாசிக்கிற மாதிரிச் சொன்னாள்.

ஞாயிறு மாலை கண்காட்சிக்குக் கணவர் வருவார், அவள் வரமாட்டாள். மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லியாகிவிட்டது. வெளியே போனால் மணி அடித்த மாதிரி மணிக்கொரு தரம் வீட்டு போனுக்குப் பேசுவார். ஆறு மணி அழைப்பை எடுத்துப் பேசிவிட்டு அவள் கிளம்புவாள். ஆறரைக்கு வெளியூர்ப் பேருந்து. அடுத்த அழைப்பு ஏழுக்கு. அதுவரை அவர் நூலகத்திலேயே இருக்க வேண்டும், அந்தப் பெட்டி திறந்திருப்பதையும் பார்க்கக் கூடாது. படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டால் என்ன என்று அக்கா கேட்டாள். கூடாது, இருபத்தேழாம் எண் என் வீடு என்று ஸ்டோர் முழுக்கச் சொல்லிவிட்டார், இல்லையென்றால் ஏன் இல்லை என்று குடைந்தெடுப்பார். மறுபடி வந்து எடுக்கலாமா? அதுவும் கூடாது, ஞாயிறுவரை விடுப்பில் வீட்டில்தான் இருக்கிறார். முதலில் எடுத்ததில் என்ன இருந்தது என்பதுதான் அவரது முதல் கேள்வியாக இருக்கும்.

போனை வைத்துவிட்டு அக்கா உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பிரதியின் முன்னால் உட்கார்ந்தாள். இருந்தது. மூடி திறந்து, அதன் விளிம்பில் ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் கை தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் சான்றிதழ்க் கோப்பின் முனை. இதே படத்தை இதே கண்ணாடியால் எத்தனை தடவை பார்த்திருப்பாள், எவ்வளவு அழகான விவரம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். மூடப் போன அந்தப் பெண்ணின் கையை இறக்கச் சொன்னது அவள் வாய்தான்.

படத்தில் கைவைப்பதில்லை என்று பன்னிரண்டு வருடம் பிடித்த வைராக்கியம். அது முறிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திருத்துகிற வேலை அவளுக்குத் தெரியாது. பிரிண்ட் கடைக்காரரிடம் போனாள். ஒரு சின்னக் கறையை எடுத்துவிடட்டுமா என்று வருடக்கணக்காகக் கெஞ்சித் திட்டு வாங்கியவர் அவர். மூடியை மூட வேண்டும், ஸ்வெட்டர் இருக்கக் கூடாது, யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றதும் அவருக்கு வாயெல்லாம் பல். "கடைசியில நீங்களும் நம்ம வழிக்கு வந்துட்டீங்க பாருங்க அக்கா" என்றார். அவளுக்குக் கோபம் வரவில்லை என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை அவள் தட்டை அப்படியே மூடி வைத்தாள். அண்ணி என்ன என்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். ஒரு வார்த்தை வெளியே போனால், அது நாலு வாய் மாறி அந்த ஸ்டோருக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று பயம். அந்தப் பெண்ணின் எண்ணும் இவளிடம் இல்லை, மருந்துக் கடையின் எண்தான். இரண்டு முறை அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிறு மத்தியானம் புதுப் பிரதி வந்தது. மூடி மூடியிருந்தது. ஸ்வெட்டர் இருந்த தடமே தெரியவில்லை. கடைக்காரர் கெட்டிக்காரர்தான். அவள் பெட்டியையே பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். நூலக ஆட்கள் அதைச் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

நாலரைக்குக் கதவு திறந்தது. கூட்டம் வந்தது. தன் வீட்டுப் படத்தின் முன்னால் நின்று தன்னையே கேலி செய்துகொள்ளாத ஆள் இல்லை. "இந்தச் செருப்பை ஆறு மாசமாத் தேடுறேன், கட்டிலுக்கு அடியில இருக்கு பாரு" என்று ஒருவர் சத்தம் போட்டார். மற்ற நாளாக இருந்தால் அக்கா அதைக் கேட்டு மகிழ்ந்து போயிருப்பாள். அவள் இருபத்தேழின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. தட்டு பளிச்சென்று இருந்தது. பென்சில் கோடுகள் இல்லை. எண்கள் இல்லை. கடைக்காரர் அழுக்கு என்று நினைத்து அலமாரி முழுவதையும் துடைத்து எடுத்திருக்கிறார். ஆசையாகச் செய்திருக்கிறார் பாவி மனுஷன்.

எத்தனை படத்தின் எத்தனை மூலையைத் துழாவிய கண் அது. பயத்தில் ஒரே ஒரு பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டது. படத்தைக் கழற்ற முடியாது, மறைக்க முடியாது. அந்த ஆளுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் தன் கோடு தெரியும்.

ஐந்து மணிக்கு அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, மரியாதையான சிரிப்பு. பாப்பாவுக்குக் காய்ச்சல், வீட்டில் வர முடியவில்லை என்று வருத்தப்பட்டார். இவரா என்று அக்காவுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. பிறகு அவர் செய்ததைப் பார்த்ததும் சந்தேகம் போனது. மற்றவர்கள் எல்லாம் நேராகத் தங்கள் வீட்டுப் படத்தை நோக்கி ஓட, அவர் முதலாம் எண்ணிலிருந்து தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, கீழே ஒட்டியிருந்த குறிப்பை முழுக்கப் படித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். அந்த ஒழுங்குக்காக அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தயாராக இருந்தாள். ஐந்தரைக்குப் பதினேழில் நின்றார். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருபத்தேழுக்கு வந்தார்.

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படத்தருகே குனிந்தார். அக்கா பின்னால் நின்றாள். அவர் ஆறு மணி ஆகும்வரை அப்படியே நின்றார். பிறகு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, வீட்டுக்கு அடித்தார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"போட்டோ எடுக்க வந்த அன்னிக்கு என் கோட்டையெல்லாம் அழிச்சியா?"

"இல்லைங்க. நான் தொடவே இல்லையே."

"அழிச்சிட்டு, எனக்குத் தெரியாம மறுபடி போட்டிருக்கே. இரு, வர்றேன்."

அந்த முனையில் பாப்பா ஏதோ கேட்டது மட்டும் தூரத்தில் கேட்டது. கால் மணியில் அவர் வீட்டில் இருப்பார். தாயும் மகளும் அப்போதுதான் படியில் இறங்கிக்கொண்டிருப்பார்கள். அக்காவுக்கு யோசிக்க நேரம் இல்லை.

"அழிச்சது நான்தான்" என்றாள். அவளுடைய கனத்த குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அவங்க தொடலை. படத்துல நான்தான் அழிச்சேன். வீட்ல கோடு அப்படியேதான் இருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி அம்மாள் கையில் தண்ணீர்க் குவளையோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த மனிதர் போனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், "சரி, வை" என்று போனை அணைத்தார்.

"வாசல்ல என்ன எழுதியிருக்கு மேடம்?"

"தெரியும்."

"அப்ப இது பொய்தானே?"

"பொய்தான்" என்றாள். ஆறு மணி மூன்று நிமிடம்.

அவர் வாசல் பக்கம் ஒரு எட்டு வைத்தார். இப்படியே போய்விடுவாரோ என்று அவளுக்கு உயிரே போனது. ஸ்டோர்காரரை நிறுத்துவது எது என்று அந்த ஒரு எட்டுக்குள் அவளுக்கு எப்படியோ பிடிபட்டது. "நீங்க புகார் கொடுத்தீங்கன்னா நான் எழுத்துல ஒத்துக்கிறேன்" என்றாள். "வாய்வார்த்தையா விட்டுட்டுப் போனா நாளைக்கு நான் இல்லைன்னுடுவேன்."

அவர் திரும்பினார். எழுத்து என்றதும் முகமே மாறிவிட்டது. மேசை வந்தது, தாள் வந்தது. மூன்று பிரதி வேண்டும் என்றார்: ஒன்று அவருக்கு, ஒன்று நூலகத்துக்கு, ஒன்று அக்காவுக்கு. தேதி போட்டு, பெறுநர் எழுதி, பொருள் எழுதச் சொன்னார். அழிக்கப்பட்ட கோடுகளைத் தட்டுவாரியாகப் பட்டியல் போட வேண்டும் என்று அக்காவே எடுத்துக் கொடுத்தாள். அவர் மெச்சுகிற மாதிரித் தலையாட்டினார். மொத்தம் பதினோரு கோடு. அவர் படத்தைப் பார்த்துப் பார்த்து நினைவிலிருந்து சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகூட அவ்வளவு மெதுவாக எழுதாது.

"ஏழு. மேல் தட்டு, மேசை ஃபேன் பெட்டி" என்றவர் நிறுத்தினார். எழுந்துபோய்ப் படத்தை உற்றுப் பார்த்தார். "இந்தப் பெட்டி பக்கவாட்டுல உப்பலா இருக்கே."

மணி ஆறு இருபத்தைந்து. அக்காவின் பேனா தாளிலேயே நின்றது. பெட்டிக்குள் இருப்பதைக் கடைக்காரர் மறைத்தாரே தவிர, அது பெட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றதை மறைக்கவில்லை.

"அகல லென்ஸ்" என்றாள். "ஓரத்துல இருக்கிற எல்லாத்தையும் உப்ப வச்சுக் காட்டும். பக்கத்துல இருக்கிற கடிகாரமும் கோணியிருக்கு பாருங்க." தரகர்களிடம் இருந்தபோது எத்தனை பேரிடம் இதைச் சொல்லிச் சமாளித்திருப்பாள். இந்தத் தொடருக்கு ஒருநாளும் அந்த லென்ஸை அவள் தொட்டதில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அது நிஜமாகவே கோணல்தான். அதற்கும் ஒரு வரி எழுதச் சொன்னார்: 'கருவியினால் ஏற்பட்ட கோணல்.' எழுதினாள். எட்டு, ஒன்பது, பத்து. மூன்று பிரதிக்கும் தனித்தனியாக. ஆறரை தாண்டியது. பேருந்து சமயத்துக்குக் கிளம்பியிருக்குமா, பாப்பா நடக்க அடம்பிடித்திருக்குமா, அந்தக் குரலைக் கேட்டு மிரண்டுபோய் அவள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாளா? எழுதுகிற கை வேர்த்து மை பரவியது. ஒரு பிரதியை அவரே கிழித்துவிட்டு, சுத்தமாக வேறு எழுதித் தரச் சொன்னார். அவளுக்கு அழுகையும் நன்றியும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

கடைசி வரியை அவர் சொல்ல அவள் எழுதினாள்: 'இந்த வீட்டை நான் உள்ளபடி காட்டவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.' மூன்றிலும் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி அம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள், இவள் முகத்தைப் பார்க்காமல்.

ஏழு மணி. அவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுத் தன் பிரதியை நாலாக மடித்தார். மண்டபத்தில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மணி அடிப்பது நன்றாகக் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அடித்தார். மறுபடியும் கடைசிவரை அடித்து நின்றது.

"குளிச்சுக்கிட்டிருப்பா" என்றார், யாரும் கேட்காமலே. பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். நாற்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். வாசல்வரை நடந்தார். படியில் அவர் ஓடுகிற சத்தம் கேட்டது.

அதிகாரி அம்மாள் ஆளை விட்டு வாசல் பலகையைக் கழற்றச் சொன்னாள். பிறகு அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"மத்த முப்பத்தொன்பதும்?"

"உள்ளபடிதான்."

"இதையும் அப்படித்தான் சொன்னீங்க" என்றாள் அதிகாரி. "நாளைக்கு எல்லாத்தையும் இறக்கிடுங்க."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், அந்த அம்மாளுக்குப் புரிந்திருக்கும். ஆனால் அவர்கள் பேருந்தில் போனார்கள் என்பதே அந்த ஆளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். நாளைக்கு அவர் இங்கே வந்து கேட்கத்தான் போகிறார், நாலு பேர் நாலு விதமாகச் சொல்லத்தான் போகிறார்கள். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பன்னிரண்டு வருட மானம் ஒரு மாலையில் போனதே என்று பக்கத்தில் இருந்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். அந்த வீட்டு போன் இரண்டு தடவை யாரும் எடுக்காமல் அடித்து ஓய்ந்ததுதான் அவள் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் அழுதாள்.